தேயிலைத் தூள் அடைத்த படகு

அந்தப் படகை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். அப்போது குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு வடக்கே மாற்றல் வந்தது. சாமான் கட்டுகிற அவசரத்தில் அந்த வீட்டம்மா கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து என் கையில் திணித்தார். மூடி தொலைந்த பிளாஸ்க், சாயம் போன திரைச்சீலை, கால் ஆடும் முக்காலி, கடைசியாக இந்தப் படகு. சிவப்பு பிளாஸ்டிக்கில் முழங்கை நீளத்துக்கு இருந்தது. கம்பி ஏரியல் வைத்த ரிமோட்டும் கூடவே வந்தது. வெளிநாட்டில் வாங்கியதாம், பையனுக்கு அலுத்துவிட்டதாம். "சரியா ஓடாது. டிவி மேல வெச்சா அழகா இருக்கும்" என்றார். எங்கள் வீட்டு டிவியை அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் விற்றிருந்தோம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. கொடுக்கிறவரிடம் குறை பேசிக்கொண்டிருந்தால் அடுத்த சாமான் கைக்கு வராது.

டிவி போனதற்குக் காரணம் தேயிலை. என் வீட்டுக்காரர் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை பாக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டராக இருந்தார். பச்சை இலை விலை விழுந்துகொண்டே போனது. சின்னத் தோட்டக்காரர்கள் பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டவில்லை என்று செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். பாக்டரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடியது, பிறகு வாரத்துக்கு ஒரு நாள், பிறகு அதுவும் இல்லை. கடைசி மாதங்களில் சம்பளத்துக்குப் பதிலாகத் தூளை மூட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். ஊரெல்லாம் தூள் தேங்கிக் கிடக்கும்போது அதை யார் தலையில் கட்டுவது? தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு தூள் மூட்டை இருந்தது. டீத்தூளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பாலுக்கும் சர்க்கரைக்கும்தான் வழி இல்லை.

பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எல்லாரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். நானும் போகலாம் என்றேன். அவர் அசையவில்லை. அவர் இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர். கொஞ்ச காலம் மண்டபத்து முகாமில் இருந்து, அங்கிருந்து மலைக்கு வந்த குடும்பம். எப்போது திருப்பூர்ப் பேச்சை எடுத்தாலும் ஒரே பதில்தான்.

"அங்க இருந்து ஒரு தரம் கெளப்பி விட்டாங்க. மண்டபத்துல இருந்து ஒரு தரம். இன்னொரு தரம் மூட்டை கட்ட எனக்கு ஏலாது, புள்ள."

எனக்குக் கோபம் கோபமாக வரும். என் அப்பா கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறி வந்தவர். 'சிலோன்காரனுக்கா பொண்ணு குடுப்பேன்' என்று குதித்தவர். அவரோடு தெருவே வேடிக்கை பார்க்கும்படி சண்டை போட்டு இந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன். அப்படிப்பட்டவளுக்கு மூட்டை கட்டுவது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுவேன். காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, போக இடம் இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருப்பார். கீழ் லயத்தில் ஒருவர் செடிக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துச் செத்திருந்தார். நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் வாசலில் அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

படகைப் பார்த்ததும் அவர் எழுந்தார். அதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. திருப்பிப் பார்த்தார், மூடியைக் கழற்றினார், உள்ளே மூக்கை விட்டு மோந்துகூடப் பார்த்தார். "மோட்டாருக்கு வலு இல்ல. இது வெளயாட்டுச் சாமான் மோட்டாரு" என்றார். பல நாள் கழித்து அவர் தானாகப் பேசிய பேச்சு அது. நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதே சமயத்தில்தான் பாக்டரி முதலாளி ஆளனுப்பினார். பாக்டரியை இனி ஓட்டப்போவதில்லை, பங்களாவை ஓட்டலாக மாற்றப்போகிறார், லயத்து வீடுகளையும் இடித்துக் கட்டி விருந்தாளிகள் தங்கும் காட்டேஜ் ஆக்கப்போகிறார், அதனால் மே மாத சீசன் முடிந்ததும் எல்லாரும் காலி செய்துவிட வேண்டும் என்று. ஓட்டலில் வேலை இருக்கிறவர்கள் மட்டும் மேல் வரிசை வீடுகளில் இருந்துகொள்ளலாம். என்ன வேலை என்று கேட்டதற்கு, ரூம் பையன், தோட்டக்காரன், சமையல்காரன் என்று வந்த ஆள் சொன்னான். பிட்டர் என்று ஒரு வேலை அதில் இல்லை.

பங்களாவுக்கு முன்னால் ஒரு குளம் உண்டு. முன்பு நாற்றுப் பண்ணைக்குத் தண்ணீர் எடுத்த குளம். அதைத் தூர் வாரி, சுற்றிலும் கல் பதித்து, பெஞ்சு போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இவருக்கு அங்கேதான் யோசனை போனது. ரிமோட் படகு விடலாம். முதலில் ஒன்று, முதலாளிக்குப் பிடித்துவிட்டால் இன்னும் சில. வருகிறவர்கள் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். படகைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மேல் வரிசையில் குடியிருக்கலாம்.

கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. குடும்பத்தை ஒரு பொம்மைமேல் ஏற்றி உட்கார வைக்கப் பார்க்கிறாரே என்று. ஆனால் எங்களிடம் வேறு என்ன இருந்தது? "செய்யுங்க" என்றேன்.

கடையில் வாங்கினபடியே இருந்த படகுக்கு உடம்பெல்லாம் நோய். மலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். கொஞ்சம் தூரம் போனால் ரிமோட் சொல்வதைக் கேட்காது. திரும்பச் சொன்னால் அரைக் குளம் சுற்றி வரும். பின்னால் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடி பிளாஸ்டிக், ஒரு பாசிக்கொடி பட்டாலே ஒடியும். இவர் ஒன்றொன்றாக மாற்றினார். குன்னூரில் காயலான் கடையில் கிடந்த கை டிரில் மெஷினிலிருந்து மோட்டாரை எடுத்தார். அதற்குத் தீனி போட எமர்ஜென்சி லைட்டின் பேட்டரி. அது கனம், படகு தண்ணீரில் கழுத்து வரை அமுங்கியது. பழைய தேயிலைப் பெட்டியின் பிளைவுட்டைக் கீறி, இரண்டு பக்கமும் விளிம்பு உயர்த்திப் பசை போட்டு ஒட்டினார். பித்தளைத் தகட்டை வெட்டி அரத்தால் ராவி ராவிக் காற்றாடி செய்தார். சுக்கானை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். மோட்டார் ஓடும்போது ரிமோட் சிக்னல் குழம்புகிறது என்று தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டிவரும் ஈயக் காகிதத்தை உரித்து, சிக்னல் வாங்குகிற சின்னப் பலகைக்குச் சட்டை மாதிரி சுற்றினார். காற்றாடித் தண்டு வெளியே போகிற குழாய்க்குள் பாக்டரி கிரீஸை அடைத்தார். கடைசியில் பார்த்தால் அந்த வீட்டம்மா கொடுத்ததில் மிச்சம் இருந்தது சிவப்பு மேலோடும் ரிமோட்டும்தான்.

லயத்துக்குக் கீழே ஓடையைத் தடுத்துக் கட்டிய ஒரு தேக்கம் இருந்தது. துணி துவைக்கிற இடம். அங்கே முதல்முறை விட்டபோது நான் பக்கெட்டோடு நின்றிருந்தேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அக்கரைக்குப் போய், இவர் விரலை அசைத்ததும் சட்டென்று திரும்பி நேராக என் காலடிக்கு வந்து நின்றது. அவர் சிரித்தார். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. எனக்கு அப்போது திருப்பூரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இப்படியே இருந்தால் போதும் என்று இருந்தது.

ஒரு குறை மட்டும் போகவில்லை. பனி மூடிய நாளில் படகு திடீரென்று செவிடாகிவிடும். மூடியைத் திறந்தால் உள்பக்கம் வேர்த்திருக்கும். தண்ணீர் புகவில்லை, உள்ளே அடைபட்ட காற்றில் இருந்த ஈரம்தான் குளிர்ந்து முத்து முத்தாகச் சிக்னல் பலகைமேல் இறங்கியிருந்தது. அவர் ஒரு நிமிடம்தான் யோசித்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து மூட்டையிலிருந்து ரெண்டு கை தூள் அள்ளினார்.

"ஒரு பை தைச்சுக் குடு, புள்ள. மெல்லிசுத் துணியா."

தேயிலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. நன்றாகக் காய்ந்த தூளைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு நமுத்துப்போகும். பாக்டரியில் அதற்காகத்தான் அவ்வளவு மூடி, அவ்வளவு ஈயக் காகிதம். அந்தக் கெட்ட குணத்தை இவர் வேலைக்கு வைத்துக்கொண்டார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அரிசியைப் போட்டிருப்பான். எங்கள் வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிந்தது, தூள்தான் மூட்டையாக இருந்தது. பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கொடுத்தேன். தூளை வாணலியில் லேசாக வறுத்து, சூடு ஆறியதும் பையில் அடைத்துப் படகின் வயிற்றில் வைத்தார். பனியிலும் படகு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தூள் தண்ணீரைக் கண்டால் என்ன ஆகும் என்று உலகத்தில் டீ குடிக்கிற எல்லாருக்கும் தெரியும். பாக்டரிக்காரர்களுக்கு மட்டும் அது ஞாபகம் வராது. வாழ்நாள் முழுக்க இலையிலிருந்து ஈரத்தை விரட்டுகிற வேலை. தூள் சாக்கில் ஏறி லாரி கிளம்பியதோடு அவர்கள் கவலை முடிந்தது. அதற்குப் பிறகு அது யாருடைய பாத்திரத்தில் கொதிக்கிறது என்று அவர்கள் நினைப்பதே இல்லை. நான் தினமும் டீ போடுகிறவள்தான். அந்த வீட்டிலேயே குடியிருந்து எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது.

முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். படகைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகள் சிலர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி ஸ்வெட்டரும் தொப்பியுமாக நின்றார். இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படகைத் தண்ணீரில் இறக்கினார்.

அது ஓடிய அழகை என்ன சொல்ல. குளத்தை வளைத்துச் சுற்றியது, எட்டு போட்டது, கரையோரத்து வாத்துகளுக்கு நடுவே புகுந்து வந்தது. விருந்தாளிகள் எழுந்து கரைக்கு வந்துவிட்டார்கள். முதலாளி முகம் மலர்ந்தது. "எங்க பிட்டர்ங்க. நம்ம பாக்டரி ஆளு" என்று அவர்களிடம் சொன்னார். அந்த 'நம்ம' என்ற சொல்லைக் கேட்டு என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன். வீடு கிடைத்துவிட்டது என்றே எனக்குப் பட்டது. மேல் வரிசையில் எந்த வீடு என்றுகூட மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முதலாளி, "எங்க, குடு பாக்கலாம்" என்று ரிமோட்டை வாங்கினார். அவரிடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஜீப்பை ஓட்டுகிற மாதிரி ஒரே அழுத்தாக அழுத்தினார். படகு நேரே போய் எதிர்க் கரையின் கல்லில் மோதியது. மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. "ஒன்னும் ஆகலங்க" என்று இவர் சொல்லிக்கொண்டே ரிமோட்டை வாங்கிப் படகைத் திருப்பினார். அது பாதிக் குளம் வரை ஒழுங்காகத்தான் வந்தது.

நடுவில் வேகம் குறைந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. ஒட்டியிருந்த பிளைவுட் பிளந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தூள் ஊறி உப்பிப் பை கிழிந்து, சுக்கான் கம்பியில் அடைந்து, மோட்டாருக்குள் போய்விட்டது. அதெல்லாம் பிறகு திறந்து பார்த்தபோது தெரிந்தது. அப்போது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, படகுக்குப் பின்னால் தண்ணீரில் செம்பழுப்பாக ஒரு கோடு நீண்டு பரவியது மட்டும்தான்.

"பாருங்க, டீ போடுது" என்று விருந்தாளிகளில் ஒரு பெண் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இவரிடம் திரும்பினார்.

"உள்ள என்னப்பா வெச்சிருக்க?"

"தூளுங்க. ஈரம் இழுக்கட்டும்னு வெச்சேங்க."

"எங்க இருந்து தூளு?"

"நம்ம பாக்டரித் தூளுதாங்க. சம்பளத்துக்குப் பதிலா குடுத்தீங்கல்லங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவருக்குக் குத்தலாகப் பேசவே வராது, அதெல்லாம் என் இலாகா. ஆனால் சென்னைக்காரர்களின் சிரிப்பு நின்றுபோனது. ஒருவர் முதலாளியைப் பார்த்தார், இன்னொருவர் வாத்தைப் பார்த்தார். முதலாளி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

படகை எடுக்க இவர் குளத்தில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர், பனிக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் நனைந்த பேண்டோடு, கையில் பழுப்புத் தண்ணீர் ஒழுகும் பொம்மையோடு அவர் கரையேறியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் சால்வையை எடுத்து அவர் இடுப்பில் சுற்றினேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

விருந்தாளிகள் உள்ளே போன பிறகு முதலாளி வந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காசு குடுத்து வெளையாடறவங்க முன்னால நடுவுல நின்னா அசிங்கம்பா. கோயமுத்தூர்ல ரெடிமேடா நல்லதே வருது, அதை வாங்கிக்கறோம்" என்றார். பிறகு படகை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பித்தளைக் காற்றாடியை விரலால் சுண்டிவிட்டார். "ஆனா உனக்குக் கை நல்லா இருக்கு. பாக்டரி மெஷினையெல்லாம் பழைய இரும்புக்குப் பேசியிருக்கேன். எந்த போல்ட்டு எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். கழட்டிக் குடு. அது முடியற வரைக்கும் அந்த ஊட்டுலயே இருந்துக்கோ."

"சரிங்க" என்றார் இவர். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

லயத்துக்குத் திரும்புகிற படியில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, நீங்க பாத்துப் பாத்து ஓட்டுன மெஷினை நீங்களே பிரிக்கப் போறீங்களா?"

"பிரிச்சா இங்க இருக்கலாமே" என்றார்.

படகை அன்றே கழுவினார். தூளை விரலால் வழித்து எடுத்தார், பிளவை அடைத்தார், மோட்டாரைத் துடைத்து எண்ணெய் விட்டார். மறுபடி அது நன்றாக ஓடியிருக்கும். தண்ணீரில் விடவில்லை. திருப்பூரில் எங்கள் பரணில் இன்றும் அது இருக்கிறது, வீடு மாறும்போது மட்டும் கையில் எடுப்போம். ஓட்டல் குளத்துக்கு மஞ்சளும் நீலமுமாக ரெடிமேட் படகுகள் வந்தன. குளிரில் அவை நடுக் குளத்தில் நின்று, ரூம் பையன் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கியதை ஒருநாள் வேலி வழியாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பையன் என்ன பாவம் செய்தான் என்று பிறகுதான் தோன்றியது.

பாக்டரியைப் பிரிக்கிற வேலை மாசியில் தொடங்கியது. பழைய இரும்புக்காரர்கள் எதையும் கழற்ற மாட்டார்கள், கேஸ் வைத்து அறுத்து லாரியில் எறிவார்கள். இவர் முதலாளியிடம் போய், அறுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும், முழுதாகக் கழற்றினால் வேறு பாக்டரிக்காரன் மெஷினாகவே வாங்குவான் என்று சொன்னார். எந்தப் பாக்டரிக்காரன்? மலை முழுக்க மூடிக் கிடந்தது. ஆனாலும் முதலாளி தலையாட்டினார். அதிலிருந்து இவர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். துருப்பிடித்ததற்கு எண்ணெய் விட்டு ஊற வைப்பார். மறுநாள் தட்டிப் பார்ப்பார். அடுத்த நாள்தான் ஸ்பேனர் வைப்பார். கழற்றியதைத் துடைத்து, கிரீஸ் தடவி, அளவு வாரியாகத் தட்டில் அடுக்குவார். மத்தியானச் சோறு கொண்டுபோவேன். அத்தனை பெரிய கட்டிடத்தில் ஒரே ஒரு ஸ்பேனர் சத்தம் கேட்கும். யாரும் சொல்லாமலே எனக்குக் கணக்குப் புரிந்தது. இலை உருட்டுகிற மெஷின் ஒன்றுக்கு இத்தனை வாரம், இலையைக் காய வைக்கிற டிரையருக்கு இத்தனை மாதம். சோற்றை வைத்துவிட்டு, "மெதுவா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன்.

சீசன் வந்து போனது. ஜூன் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வரிசையில் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலையில் இரும்புக்காரர்கள் கேஸ் சிலிண்டரோடு வந்து இறங்கினார்கள். மாதக் கணக்கில் கழற்றலாம் என்று இவர் திட்டம் போட்டு வைத்திருந்த டிரையரை இரண்டே நாளில் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். போல்ட் அடுக்கிய தட்டுகளையும் அப்படியே கவிழ்த்து லாரியில் கொட்டினார்கள்.

மறுநாள் நான் சோறு கொண்டுபோனபோது உள்ளே ஒன்றும் இல்லை. கூரையிலிருந்து மழை ஒழுகிக்கொண்டிருந்தது. மெஷின் நின்ற சிமென்ட் மேடைகள் மட்டும் வரிசையாக இருந்தன. கடைசி மேடையில் இவர் குந்தியிருந்தார். மெஷினைப் பிடித்து வைப்பதற்காக மேடை கட்டும்போதே சிமென்ட்டில் புதைத்த போல்ட்கள் விரல் நீளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது எதையும் பிடிச்சுட்டு இல்லைங்களே."

"தெரியும், புள்ள. இத கழட்ட ஏலாது. சிமென்ட்டோட போட்டது."

"அப்பறம் எதுக்குங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து மறுபடி போட்டார்.

"இது நிக்கற வரைக்கும் வேல முடியலன்னு சொல்லலாம்ல."

நான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் மேடைமேல் உட்கார்ந்தேன். வெளியே முதலாளியின் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.